கேபிள் இல்லாத வீட்டில் எஃப்1 நேரலை: கீழக்கரையிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: துபாயில் 11 வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். அங்கே ரூமில் எல்லோரும் சேர்ந்து எஃப்1 (ஃபார்முலா 1) கார் ரேஸ் பார்ப்போம். இங்கே வீட்டில் கேபிளை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. திரும்பப் போடலாமா என்று கேட்டால், “அந்த ரேஸ் எங்க பேக்கில் வராது” என்கிறார் கேபிள்காரர். என் போனில் தினம் 2 ஜிபி பேக் இருக்கிறது. அதில் பார்த்தால் பாதியில் நின்று நின்று ஓடுகிறது. துபாயில் எடுத்த சந்தாவை விபிஎன் போட்டு இங்கே பார்க்கலாமா? நண்பர் ஒருவர் டெலிகிராமில் இலவச லிங்க் அனுப்புகிறார், அதை நம்பலாமா? மஃரிப் தொழுகை நேரத்தில்தான் ரேஸ் ஆரம்பிக்கிறது என்பது இன்னொரு சங்கடம். (வாசகர், கீழக்கரை)

பதில்: உங்கள் கேபிள்காரர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். 2022 சீசன் வரை இந்தியாவில் எஃப்1 ஸ்டார் ஸ்போர்ட்ஸில் வந்தது, ஹாட்ஸ்டாரிலும் பார்க்க முடிந்தது. அந்த ஒப்பந்தம் முடிந்ததும் 2023இல் எஃப்1 நிறுவனமே தன் எஃப்1 டிவி ப்ரோ சேவையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 2024, 2025 சீசன்களுக்கான உரிமை ஃபேன்கோடு செயலிக்குப் போனது. ஆகவே கேபிளைத் திரும்பப் போட்டால் மட்டும் ரேஸ் வந்துவிடாது. கேபிள் இல்லாததால் நீங்கள் எதையும் இழக்கவில்லை.

இந்த உரிமை கைமாறிக்கொண்டே இருக்கும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். 2023 செப்டம்பரில் நொய்டா அருகே புத் சர்க்யூட்டில் மோட்டோஜிபி பைக் ரேஸ் நடந்தபோது அதை ஜியோசினிமாவில் பார்த்தோம். இன்று ஜியோசினிமா என்ற செயலியே கிடையாது. 2025 பிப்ரவரியில் அது ஹாட்ஸ்டாரோடு சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் ஆகிவிட்டது. அதனால் ஒவ்வொரு மார்ச்சிலும் சீசன் தொடங்குவதற்கு முன்னால் எஃப்1இன் அதிகாரபூர்வ இணையதளத்தில் இந்தியாவுக்கான ஒளிபரப்பாளர் யார் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். போன வருடம் இருந்தது இந்த வருடமும் இருக்கும் என்று நம்பி யாரும் பணம் கட்ட வேண்டாம்.

அப்புறம், முழு சீசனுக்கு உடனே பணம் கட்டாதீர்கள். ஃபேன்கோடில் ஒரு ரேஸுக்கு மட்டும் பாஸ் எடுக்கும் வழி இருந்தது, முழு சீசனுக்கு எடுக்கும் வழியும் இருந்தது. முதலில் ஒரே ஒரு ரேஸுக்கு எடுத்து, உங்கள் வீட்டில், உங்கள் டிவியில், ஞாயிறு மாலையில் ஓட்டிப் பாருங்கள். நின்று நின்று ஓடியது என்கிறீர்களே, அது பெரும்பாலும் செயலியின் குற்றமாக இருக்காது. எனக்குத் தெரிந்து இந்தக் கரையோரத்தில் கேபிள் இல்லாமல் ரேஸ் பார்க்க முயன்று விட்டுவிட்டவர்களில் பாதிப் பேர் தோற்றது இணைப்பில்தான். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் 2 ஜிபி கணக்கைப் பார்ப்போம். ஹெச்டி தரத்தில் நேரலை பார்த்தால் மணிக்கு ஏறக்குறைய 2 முதல் 3 ஜிபி வரை போகும். 480 தரத்தில் வைத்தால் 1 ஜிபிக்குள் முடியும். ஒரு எஃப்1 ரேஸ் சுமார் 305 கிலோமீட்டர், பெரும்பாலும் ஒன்றரை மணி நேரம் போல ஓடும். சிவப்புக் கொடி காட்டி நிறுத்தினால் 3 மணி நேரம் வரைகூட இழுக்கலாம். ஹெச்டியில் பார்த்தால் உங்கள் அன்றாட 2 ஜிபி பாதி ரேஸில் தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகு வேகத்தை 64 கேபிபிஎஸ் அளவுக்குக் குறைத்துவிடுவார்கள், அதில் ஒரு போட்டோகூட ஒழுங்காகத் திறக்காது. நீங்கள் பார்த்த ‘நின்று நின்று ஓடுவது’ இதுவாகத்தான் இருக்க வேண்டும். அடுத்த முறை நிற்கும்போது மீதி டேட்டா எவ்வளவு என்று பாருங்கள், தெரிந்துவிடும்.

தினசரி டேட்டா நள்ளிரவு 12 மணிக்குப் புதிதாகிறது. ரேஸ் பார்ப்பவருக்கு இது நல்ல செய்தி. ஐரோப்பிய ரேஸ்கள் நமக்கு மாலை 6.30க்குத் தொடங்கும்போது பகல் முழுக்க வாட்ஸ்அப்பிலும் ரீல்ஸிலும் பாதி டேட்டா போயிருக்கும். அந்த ஞாயிறுகளில் காலையிலிருந்தே சிக்கனமாக இருக்க வேண்டும், அல்லது அன்றைக்கு மட்டும் ஒரு டேட்டா வவுச்சர் போட வேண்டும். அமெரிக்க ரேஸ்களுக்கு அந்தக் கவலை இல்லை. 2025இல் ஆஸ்டின் ரேஸ் நமக்கு நள்ளிரவு தாண்டி 12.30க்கு, மெக்சிகோ 1.30க்கு. இப்படிப்பட்டவற்றை மறுநாளின் புது டேட்டாவில் பார்த்துவிடலாம். அதே வருடம் கனடா ரேஸ் இரவு 11.30க்குத் தொடங்கியது. முதல் அரை மணி நேரத்தைப் பழைய நாளின் மிச்சத்திலும், மீதியைப் புது டேட்டாவிலும் பார்த்தவர்கள் இங்கே உண்டு.

‘5ஜி வந்துவிட்டதே, அளவில்லாத டேட்டாதானே’ என்று கேட்பீர்கள். ஜியோவும் ஏர்டெலும் தினம் 2 ஜிபி, அதற்கு மேலான திட்டங்களில் அளவில்லா 5ஜி தருகின்றன. உங்கள் பேக் அந்த வகைதானா என்று செயலியில் பாருங்கள். ஆனால் போன் 5ஜியில் நிற்கும்வரைதான் அது கணக்கில் வராது. சிக்னல் குறைந்து 4ஜிக்கு இறங்கினால் அந்த 2 ஜிபியிலிருந்துதான் கழியும், உங்களுக்குத் தெரியக்கூடச் செய்யாது. கடலோரத்தில் இது சாதாரணம். உள்நாட்டு ஊர்களில் நாலு பக்கமும் டவர் இருக்கும். நமக்கு ஒரு பக்கம் கடல், டவரெல்லாம் நிலத்தின் பக்கம்தான். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்திலும், சந்தனக்கூடு சமயத்தில் ஏர்வாடியிலும் கூட்டம் கூடும்போது இருக்கிற டவரும் திணறும். பழைய கீழக்கரை வீடுகளின் பருத்த சுண்ணாம்புச் சுவருக்குள் உட்கார்ந்திருந்தால் சிக்னல் இன்னும் குறையும். போனை மாடியிலோ ஜன்னல் ஓரத்திலோ வைத்து ஹாட்ஸ்பாட் போட்டு டிவிக்குக் கொடுத்துப் பாருங்கள். அதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்த வீடுகள் உண்டு.

ஊரிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் என் யோசனை: வீட்டுக்கு ஃபைபர் இழுத்துவிடுங்கள். பிஎஸ்என்எல் ஃபைபர் உங்கள் தெருவுக்கு வருகிறதா என்று கேளுங்கள். உங்கள் கேபிள்காரரிடமும் கேளுங்கள், டிவி இணைப்பு வேண்டாம், இன்டர்நெட் மட்டும் வேண்டும் என்று. கேபிள் நடத்துபவர்கள் பலர் இப்போது ஃபைபர் இன்டர்நெட்டும் தருகிறார்கள். ஹெச்டிக்கு நிலையாக 10 எம்பிபிஎஸ் கிடைத்தால் தாராளம், 4கே வேண்டுமானால் 25 தேவை. ‘100 எம்பிபிஎஸ்’ என்று நோட்டீஸில் போட்டிருப்பதை விட, ஞாயிறு மாலை 7 மணிக்கு அந்த 10 குறையாமல் வருகிறதா என்பதுதான் முக்கியம். அந்த நேரத்தில் வேகத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஃபைபர் வராத தெருவாக இருந்தால் ஏர்ஃபைபர். மாடியில் ஒரு கருவி வைத்து 5ஜி சிக்னலை வாங்கி வீட்டுக்குள் கொடுப்பார்கள். டவர் பக்கம் பார்த்து, மறைப்பில்லாமல் வைக்க வேண்டும்.

மாடியில் எதை வைத்தாலும் உப்புக்காற்றை மறக்காதீர்கள். பாம்பனில் ஒரு உறவினர் வீட்டில் ரேஸ் பார்த்துக்கொண்டிருந்தபோது, கடைசி ஆறு சுற்று இருக்கையில் இணைப்பு அறுந்தது. மறுநாள் மாடி ஏறிப் பார்த்தால் வெளிக் கருவிக்குப் போகும் வயரின் முனை பச்சை பூத்து, தொட்டதும் உதிர்ந்தது. போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்தக் கடைசிச் சுற்றுகளை நேரலையில் பார்க்க முடியாமல் போனது இன்னும் எனக்கு ஆறவில்லை. இணைப்பு போட வருகிறவரிடம் முனைகளைத் தண்ணீர் புகாத டேப் சுற்றி மூடச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீங்களே ஏறிப் பாருங்கள்.

வீட்டுக்குள் டிவியும் ரவுட்டரும் பக்கத்தில் இருந்தால் ஈதர்நெட் வயர் போட்டுவிடுங்கள், வைஃபையை விட அது உறுதி. தூரமாக, நடுவில் சுவர் இருந்தால் ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் இணைப்பைத் தேர்ந்தெடுங்கள், அது சுவரைத் தாண்டும். ஒரே அறை என்றால் 5 கிகாஹெர்ட்ஸ். பழைய டிவியாக இருந்தால் ஒரு ஃபயர் ஸ்டிக்கோ ஆண்ட்ராய்டு பெட்டியோ போதும். போன் திரையை அப்படியே டிவியில் காட்டும் வழியைச் சில செயலிகள் தடுத்துவிடும், படம் கறுப்பாகிப் போகும். அதனால் செயலியை டிவியிலேயே நிறுவுவது நல்லது.

இனி விபிஎன். ஒளிபரப்பு உரிமையை நாடு நாடாகத்தான் விற்கிறார்கள். நீங்கள் துபாயில் கட்டிய பணம் அந்தப் பகுதிக்கான உரிமைக்கு. இங்கிருந்து விபிஎன் வழியே அங்கே இருப்பதுபோல் காட்டிக்கொள்வது அந்தச் சேவையின் விதிமுறைக்கு மாறானது, கண்டுபிடித்தால் கணக்கை நிறுத்தலாம். அதோடு உங்கள் படம் தேவையில்லாமல் ஒரு நாடு சுற்றி வரும், வேகம் குறையும், தடுமாறும். அந்தச் சந்தாவில் தானியங்கிப் பணப் பிடித்தம் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். இங்கே புதிதாக எடுக்கும்போதும் யுபிஐ ஆட்டோபே போட்டால், அதை உங்கள் யுபிஐ செயலிக்குள்ளேயே ரத்து செய்ய முடியும். எங்கே இருக்கிறது என்று முதல் நாளே பார்த்து வையுங்கள்.

டெலிகிராம் லிங்க் வேண்டாம். ஒளிபரப்பாளரின் உரிமை நம் காப்புரிமைச் சட்டத்திலேயே பாதுகாக்கப்பட்டது, அதைத் திருடிக் காட்டுவது குற்றம். அதை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், அந்த லிங்க்குகள் ‘பார்க்க இதை இன்ஸ்டால் செய்’ என்று ஒரு ஏபிகே கோப்பைத் தள்ளும். உங்கள் வங்கியும் ஜிபேயும் இருக்கும் போனில் ஊர் பேர் தெரியாத ஒன்றை ஏற்றாதீர்கள். ஒரு ரேஸ் பாஸுக்குக் கொடுப்பது சிறு தொகை, வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த பணத்தை அதற்காக ஆபத்தில் வைக்க வேண்டாம்.

காசு கொடுக்காமல், நேர்மையாகவே பார்க்க நிறைய ரேஸ் இருக்கிறது. நம் நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததே, அந்த 24ஹெச் சீரிஸ் முழுக்க யூடியூபில் நேரலையாக, இலவசமாக வருகிறது. ஜிடி வேர்ல்டு சேலஞ்ச் ரேஸ்களும் அப்படியே. எஃப்1 கூட ஒவ்வொரு ரேஸின் சுருக்கத்தையும் தன் யூடியூப் சேனலில் போடும். சந்தா எடுப்பதற்கு முன் இவற்றில் ஒன்றை நேரலையில் ஓட்டினால் உங்கள் இணைப்பின் தரமும் தெரிந்துவிடும், செலவும் இல்லை.

மஃரிப் விஷயம். துபாயில் மாலை 5 மணிக்குத் தொடங்கிய அதே ரேஸ் இங்கே 6.30க்கு. ஜூன், ஜூலையில் நம் கரையில் சூரியன் மறைவதும் கிட்டத்தட்ட அப்போதுதான், ஆரம்பம் கட்டாயம் தொழுகையோடு மோதும். நிம்மதியாகப் போய்த் தொழுதுவிட்டு வாருங்கள். நேரலையைப் பின்னுக்கு நகர்த்த முடிந்தால் தொடக்கத்திலிருந்தே பார்க்கலாம், இல்லையென்றால் ரேஸ் முடிந்ததும் முழுப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் வீட்டுக்கு வரும்வரை போனைத் திறக்காதீர்கள். துபாய் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவை மியூட்டில் போட்டுவிடுங்கள். தொடக்கம் முதல் நேரலையாகவே பார்த்தாலும் இணையப் படம் நிஜத்துக்கு அரை நிமிடம் போலப் பின்தங்கித்தான் வரும். வெற்றி முதலில் அந்தக் குழுவில் வந்துவிடும். பிரிட்டிஷ் ரேஸ் 7.30க்கு, அதில் இந்தச் சிக்கல் இல்லை. ஜப்பான் காலை 10.30க்கு, ஆஸ்திரேலியா 9.30க்கு.

கடைசியாக ஒன்று. சீசனின் முடிவு நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். 2025இல் சாம்பியன் பட்டம் டிசம்பர் 7 அன்று அபுதாபியில், கடைசி ரேஸில்தான் முடிவானது. நாரிஸ் 2 புள்ளி வித்தியாசத்தில் வெர்ஸ்டாப்பனை முந்தினார். அப்படி ஒரு மாலையில் கரண்ட் போனால் டிவி இன்வெர்ட்டரில் ஓடும், ரவுட்டர் அணைந்து கிடக்கும். ரவுட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் விற்கிறார்கள். ராமநாதபுரத்துக்குப் போகும்போது ஒன்று வாங்கி, ஃபைபர் பெட்டியையும் ரவுட்டரையும் அதில் சேர்த்து மாட்டிவிடுங்கள். மழை தொடங்குவதற்கு முன், அக்டோபருக்குள் செய்துவிடுங்கள்.