ஃபோர்ஸ் முதல் எபிசோட்லயே நிறுத்தலாமா? - பதில்

ப்ரோ, நிறுத்தாதீங்க. கமென் ரைடர் ஃபோர்ஸ்ங்கிற ஜப்பான் சூப்பர் ஹீரோ சீரியலோட முதல் எபிசோட் பாத்துட்டு ஹீரோ ஒரே கத்தல், அந்த மண்டை முடி வேற, ஒரே காமெடியா இருக்கு, மிச்சம் 47 எபிசோட் தாங்குமான்னு கேட்டிருக்கீங்க. கத்தல் குறையாது, அத இப்பவே சொல்லிடறேன். ஆனா அந்த கெட்டப் சும்மா வச்சது இல்ல. முன்முடிய தூக்கி சீவி, குட்டையா ஒரு கறுப்பு ஜாக்கெட் போட்டா அது ஜப்பான்ல பழைய காலத்து ஸ்கூல் ரவுடி ஸ்டைல். பாத்தா அடிதடி ஆளு, ஆனா ஹீரோ கென்டாரோ வந்ததும் சொல்றது இந்த ஸ்கூல்ல எல்லாரையும் ஃப்ரெண்ட் ஆக்குவேன்னு! சுத்தி இருக்கிறவங்க ஃபுட்பால் கேப்டன், சியர்லீடர் ராணின்னு அமெரிக்க ஹைஸ்கூல் படத்துல வர்ற மாதிரி தனித்தனி கும்பல், அதுக்குள்ள இவன் போய் கைய நீட்டறான், அதான் மொத்த சீரியலும்.

இன்னொன்னு, இதுல ஒவ்வொரு கதையும் ரெண்டு எபிசோட். முதல் எபிசோட்ல வர்ற ஓரையன் மான்ஸ்டர் கதை ரெண்டாவதுலதான் முடியும், நீங்க பாதியில எந்திரிச்சு வந்துட்டீங்க. ஸ்கூல் லாக்கர் கதவ திறந்தா நேரா நிலாவுல இருக்கிற இவங்க தளம், ஹீரோவா மாறினா கென்டாரோவுக்கு வலது கைல ராக்கெட், இடது கால்ல டிரில், எனக்கு அதுக்கே காசு வசூல். 2011ல ஞாயித்துக்கிழமை காலைல பசங்களுக்காக போட்டது, லாஜிக் தேடாதீங்க.

இன்னிக்கே ரெண்டாவது பாத்துட்டு சொல்லுங்க. அப்பவும் கென்டாரோவ பிடிக்கலன்னா விட்டுடுங்க, கடைசி வரைக்கும் அவன் அப்படியேதான்.