வட அயர்லாந்துக்குத் தனி உரிமைச் சாசனம் எதற்கு?

பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்ட வட அயர்லாந்துக்குத் தனி உரிமைச் சாசனம் (மக்களின் அடிப்படை உரிமைகளை வரையறுக்கும் சட்டம்) வேண்டும் என்று கல்லூரி விவாதத்தில் பேசப்போகிறீர்கள். ‘ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கை இருக்கிறதே, அது போதாதா?’ என்று எதிரணி மடக்கினால் என்ன சொல்வது எனக் கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு வீட்டிலிருந்து தொடங்குங்கள். 1968 ஜூனில் டைரோன் பகுதியின் காலிடன் என்ற சிற்றூரில், குழந்தைகுட்டிகளோடு கத்தோலிக்கக் குடும்பங்கள் காத்துக் கிடக்க, மணமாகாத 19 வயது புராட்டஸ்டண்ட் பெண்ணுக்கு உள்ளாட்சி மன்றம் வீடு ஒதுக்கியது. ஆஸ்டின் கரி என்ற சட்டமன்ற உறுப்பினர் அந்த வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டார். ஏன் அவ்வளவு கோபம்? அன்று உள்ளாட்சித் தேர்தலில் பெற்றோருடன் வசித்த வளர்ந்த பிள்ளைகளுக்கும் அறை எடுத்துத் தங்கியவர்களுக்கும் பொதுவாக வாக்கு கிடையாது. வீட்டை மறுத்தால் வாக்கையும் மறுத்ததாகும். ஐரோப்பிய உடன்படிக்கையிலோ வீடு கேட்டுப் பெறும் உரிமையே இல்லை.

அங்கு நீண்டகாலம் நடந்த மோதலை முடிவுக்குக் கொண்டுவந்த 1998 அமைதி ஒப்பந்தமும் இதை உணர்ந்திருந்தது. அங்குள்ள தனிச் சூழலுக்கேற்ற கூடுதல் உரிமைகளைப் பரிந்துரைக்கும் பணியை மனித உரிமை ஆணையத்திடம் விட்டது. ஆணையம் 2008 டிசம்பரில் பரிந்துரை தந்தது. லண்டனில் உள்ள பிரிட்டன் அரசு அதில் பெரும்பாலானவற்றை ஏற்கவில்லை.

எதிரணியின் வலுவான வாதம் வேறு: வீடு, மருத்துவம் போன்றவற்றை நீதிபதிகள் அல்ல, மக்கள் பிரதிநிதிகளே முடிவுசெய்ய வேண்டும் என்பார்கள். நியாயமான வாதம்தான், அலட்சியப்படுத்தாதீர்கள். ஆனால் இரு தரப்புக் கட்சிகளும் சேர்ந்து நடத்த வேண்டிய வட அயர்லாந்தின் அதிகாரப் பகிர்வு ஆட்சி 2017 முதல் 2020 வரையும், மறுபடி 2022 முதல் 2024 வரையும் முடங்கிக் கிடந்தது. அந்த ஆண்டுகளில் ஒரு குடும்பம் யாரிடம் போய் முறையிட்டிருக்கும் என்று திருப்பிக் கேளுங்கள்.