லாரிகள் ஓடும் தூரத்தைக் கணக்கிட எந்தத் தரவை நம்புவது?

கேள்வி: ஒரு வட்டாரத்தில் சரக்கு லாரிகள் வருடத்துக்கு மொத்தம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகின்றன என்று மதிப்பிட, ஜிபிஎஸ் தரவு வாங்கினால் போதுமா? சாலையில் எண்ணவும் வேண்டுமா?

இரண்டும் வேண்டும். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் எண்ணுவதற்குக் கொடுங்கள். எந்தத் தரவு கைக்கு வந்தாலும் நான் முதலில் பார்ப்பது, அதில் எந்த லாரி விட்டுப்போயிருக்கிறது என்பதைத்தான்.

ஜிபிஎஸ் தரவில் பெரிய நிறுவனங்களின் நெடுந்தூர வண்டிகளே அதிகம். ஒரே லாரி வைத்து ஓட்டுபவர் அதில் அபூர்வம். வேகம், நெரிசல் பார்க்க அருமையான தரவு. மொத்த எண்ணிக்கைக்கு ஆகாது. 15 நிமிடத்துக்கு ஒரு முறைதான் இடம் பதிவாகிறது என்றால், 80 கி.மீ. வேகத்தில் போகும் லாரி அதற்குள் 20 கி.மீ. கடந்திருக்கும். நடுவில் எந்தச் சாலையில் போனது என்பது ஊகம்தான்.

எண்ணிக்கையிலும் ஓட்டை உண்டு. சாலைக்குக் குறுக்கே போடும் ரப்பர் டியூபுக்கு வண்டி தெரியாது, சக்கரம் ஏறி இறங்குவதுதான் தெரியும். இரண்டு கார்கள் ஒட்டிப் போனால் நான்கு அச்சு (சக்கரங்களைத் தாங்கும் தண்டு) உள்ள லாரி என்று எழுதிவிடும். அமெரிக்காவில் வண்டிகளை 13 வகையாகப் பிரிக்கிறார்கள். அதில் 5ஆம் வகை, இரண்டு அச்சும் ஆறு டயரும் உள்ள லாரி. பின்னால் இரட்டை டயரா என்று டியூப் பார்க்க முடியாது. அச்சு இடைவெளியை வைத்து முடிவு செய்யும். நீளமான பிக்கப் வண்டியும் லாரிக் கணக்கில் சேர்ந்துவிடும். சில இடங்களிலாவது கேமரா வைத்து ஒத்துப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, வாரநாளில் 48 மணி நேரம் எண்ணிவிட்டு, அதை வருடச் சராசரியாக மாற்ற கார்களுக்கான திருத்தத்தையே லாரிக்கும் போடுவது. கார் ஞாயிற்றுக்கிழமையும் ஓடும், லாரி அப்படியில்லை. வாரநாளில் 1,000 லாரி, சனி ஞாயிறில் 400 என்று வைத்துக்கொள்வோம். உண்மையான தினசரி சராசரி சுமார் 829. 1,000 என்றே எடுத்தால் வருடக் கணக்கு சுமார் 21 சதவீதம் ஊதிவிடும். லாரிக்கென்று தனித் திருத்தம் வேண்டும். அதற்கு வருடம் முழுக்க எண்ணும் நிலையங்கள் சிலவாவது வேண்டும்.

வண்டி உரிமையாளர்களிடம் கேட்கும் ஆய்வுகள் நல்லவை, ஆனால் அடிக்கடி கிடைக்காது. அமெரிக்காவில் அப்படியொரு ஆய்வு 2002க்குப் பிறகு நின்று, 2021க்குத்தான் மறுபடி நடந்தது. பதிவு ஆவணம் வண்டி எந்த ஊருடையது என்று சொல்லும், எங்கே ஓடியது என்று சொல்லாது.

சரி, எப்படிச் சேர்ப்பது? எண்ணிய சாலைகளில் ஜிபிஎஸ் எத்தனை பங்கு லாரிகளைப் பிடித்திருக்கிறது என்று, பெரிய லாரிக்கும் சிறியதற்கும் தனித்தனியாகப் பாருங்கள். அந்த விகிதத்தை எண்ணாத நெடுஞ்சாலைகளுக்குப் பயன்படுத்தலாம். நகரத்து உள்சாலைகளில் மட்டும் அது ஏமாற்றும். அங்கே நாலைந்து இடங்களில் புதிதாக எண்ணிவிட்டுத் தொடங்குங்கள்.