எட்டுக் கிலோ, இரண்டரை லட்சம்

கேள்வி: சனி, ஞாயிறு காலைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நண்பர்களோடு சைக்கிள் ஓட்டி வருகிறேன். என்னிடம் இருப்பது 30,000 ரூபாய் வண்டி. எடை 14 கிலோ. நண்பர்கள், 8 கிலோ எடையுள்ள, கார்பன் இழையால் ஆன வண்டியை வாங்கச் சொல்கிறார்கள். விலை இரண்டரை லட்சம். பந்தயங்களில் கலந்துகொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை. பொழுதுபோக்குக்காக ஓட்டுபவனுக்கு இவ்வளவு செலவு தகுமா?
— ஒரு வாசகர், திருவான்மியூர்

பதில்: நீங்கள் கேட்டது விலையைப் பற்றி, எனக்குப் பேசத் தோன்றுவதோ எடையைப் பற்றி. கடைக்காரர் வண்டியை ஒரு கையால் தூக்கிக் காட்டியதும், வாங்க வந்தவர் மற்ற எல்லாக் கேள்விகளையும் மறந்துவிடுகிறார். ஆகவே அந்த 6 கிலோ வித்தியாசத்தை முதலில் கணக்கிட்டுப் பார்ப்போம்.

உங்கள் எடை 70 கிலோ என்று வைத்துக்கொண்டால், இன்றைய வண்டியோடு 84 கிலோ. புதிய வண்டியோடு 78 கிலோ. நீங்கள் ஓட்டும் சாலை ஏறக்குறைய முழுதும் தட்டையானது. தட்டையான சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, கூடுதலாக உள்ள 6 கிலோவுக்காக நீங்கள் செலவிடும் ஆற்றல் இரண்டு அல்லது மூன்று வாட்தான். அந்த வேகத்தில் தொடர்ந்து செல்வதற்கு மொத்தமாகத் தேவைப்படுவதோ 150 வாட்டுக்கும் மேல். அதில் மிகப் பெரும்பகுதியைக் காற்றின் தடை எடுத்துக்கொள்கிறது. அந்தத் தடையிலும் ஏறத்தாழ முக்கால் பங்கு, வண்டியின்மீது அமர்ந்திருக்கும் உடலால் வருவது. முழங்கைகளை மடக்கி, தலையைச் சற்றுத் தாழ்த்தி ஓட்டப் பழகினால் கிடைக்கும் பயன், இந்தச் சாலையில் 6 கிலோ குறைவதால் கிடைப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை.

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையோ கொல்லிமலையின் 70 வளைவுகளையோ ஏறப் போகிறீர்கள் என்றால் கணக்கு மாறும். அங்கே ஆற்றலின் பெரும்பகுதி எடையை மேலே ஏற்றவே செலவாவதால், இன்றைய வண்டியில் ஒரு மணி நேரம் ஆகும் ஏற்றத்தைக் கார்பன் வண்டியில் ஏறத்தாழ 56 நிமிடங்களில் முடித்துவிடலாம். இது கால்கள் உணரக்கூடிய வித்தியாசம்தான். இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் 80,000 ரூபாய் அளவில் வாங்கக்கூடிய 10 கிலோ அலுமினிய வண்டியே அதில் ஏறக்குறைய மூன்று நிமிடங்களைத் தந்துவிடும். எஞ்சியுள்ள ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவான நேரத்துக்காகத்தான் மீதி 1,70,000 ரூபாயைக் கேட்கிறார்கள். இன்னும் மேலே போனால், ஒவ்வொரு நூறு கிராமுக்கும் விலை ஏறிக்கொண்டே இருக்கும். தொழில்முறைப் பந்தயங்களில் 6.8 கிலோவுக்குக் குறைவான வண்டியை ஓட்டக் கூடாது என்று சர்வதேச சைக்கிள் ஒன்றியம் 2000ஆம் ஆண்டு முதல் விதித்திருக்கிறது. ஆல்ப்ஸ் மலையில் பந்தயம் ஓட்டுபவருக்கே அந்த எல்லை இருக்கும்போது, இரண்டு பெரிய தண்ணீர்ப் புட்டிகளை மாட்டினாலே ஒன்றரை கிலோ கூடிவிடும் நமது வண்டியில் கிராம் கணக்குப் பார்ப்பது பொருளற்றது.

பணத்துக்கும் வேகத்துக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நான் கிரேம் ஓப்ரியின் பெயரைச் சொல்வது இப்பகுதியின் பழைய வாசகர்களுக்குத் தெரியும், மறுபடியும் சொல்கிறேன். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சைக்கிள் பந்தய வீரர் ஓப்ரி தம் வண்டியைத் தாமே வடிவமைத்துக் கட்டினார்; பெடல் அச்சு சுழலும் இடத்துக்கு ஒரு சலவை இயந்திரத்தின் பேரிங்குகளைப் பயன்படுத்தினார். கைகளை மார்புக்கு அடியில் மடக்கி வைத்து, காற்று மோதும் பரப்பை இயன்றவரை குறைத்துக்கொள்ளும் நிலையை அவரே கண்டுபிடித்தார். 1993 ஜூலையில் நார்வேயின் ஹாமர் நகரில், ஒரு மணி நேரத்தில் மிக அதிகத் தொலைவு ஓட்டும் உலக சாதனைக்கான முதல் முயற்சியில் தோற்று, மறுநாள் காலையே திரும்பி வந்து, ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர் ஓட்டினார். இத்தாலிய வீரர் பிரான்செஸ்கோ மோசர் 1984இல் நிறுவியிருந்த 51.151 கிலோமீட்டர் சாதனை ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு அன்று முறிந்தது. அடுத்த ஆறு நாட்களுக்குள் இங்கிலாந்து வீரர் கிறிஸ் போர்ட்மேன் 52.270 கிலோமீட்டர் ஓட்டி ஓப்ரியையும் முந்தினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உச்சத்தில் போட்டியிடுவோருக்கு ஒவ்வொரு மீட்டரும் முக்கியம். அவர்கள் வண்டிக்குச் செலவிடுவது தகும். ஆனால் உடல் அமரும் விதமே முதன்மையானது, வண்டியின் விலை அதற்கு அடுத்ததுதான் என்பதை ஓப்ரியைப்போல் தெளிவாகக் காட்டியவர் வேறொருவர் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

உடல் அமரும் விதத்தைப் பற்றிப் பேசும்போது, கடைக்காரர்களோடு எனக்குள்ள பழைய வழக்கையும் எடுத்தாக வேண்டும். வாங்குபவரின் கால் நீளத்தைக்கூட அளக்காமல், கையிருப்பில் உள்ள வண்டியையே அவருக்குப் பொருத்தமானது என்று சொல்லி விற்பதைக் கண்டித்து இப்பகுதியில் முன்பும் எழுதியிருக்கிறேன். வியாபாரத்தைக் கெடுக்கிறேன் என்று சிலர் கடுமையாகக் கடிதம் எழுதினார்கள். என் கருத்தில் மாற்றமில்லை. அளவு பொருந்தாத இரண்டரை லட்ச ரூபாய் வண்டியைவிட, அளவு பொருந்திய 30,000 ரூபாய் வண்டி மேலானது. செருப்பின்றி நின்று, கால்கள் பிரியும் இடத்திலிருந்து தரை வரை அளந்து, அந்த அளவை 0.883 ஆல் பெருக்குங்கள். இரு பெடல்களின் கைகளும் இணைந்து சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். அளவு 80 சென்டிமீட்டர் என்றால் உயரம் 70.6. முழங்காலின் முன்புறம் வலித்தால் சீட் பெரும்பாலும் தாழ்வாக இருக்கும்; பின்புறம் வலித்தால் உயரமாக இருக்கும். இதைச் சரிசெய்யாமலே, வண்டி மட்டமானது என்று எண்ணிப் புதிய வண்டிக்குப் பணம் சேர்க்கும் பலர் இருக்கிறார்கள்.

அடுத்ததாக டயர். மலிவான வண்டிகளில் வரும் கனத்த டயர்களை நீக்கிவிட்டு, நெகிழ்வான நல்ல டயர்கள் இரண்டைப் போட்டுச் சரியான அளவில் காற்று அடித்தால், தட்டையான சாலையில் கார்பன் சட்டகம் தரும் எடைக்குறைப்பைவிட அதிக ஆற்றல் மிச்சமாகும். செயினையும் கவனியுங்கள். புதிய செயினில் 12 முழு இணைப்புகள் (ஓர் உள் கண்ணியும் ஒரு வெளிக் கண்ணியும் சேர்ந்தது ஒரு முழு இணைப்பு) மிகச் சரியாக 12 அங்குல நீளம் இருக்கும். அது ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடிவிட்டால் உடனே மாற்றிவிட வேண்டும். மாற்றாவிட்டால் பற்சக்கரங்களும் தேய்ந்து, செலவு பல மடங்காகும். கடலோரச் சாலையில் உப்புக் காற்றும் மணலும் இருப்பதால், உங்களுக்கு இது மிகவும் பொருந்தும்.

விலையுயர்ந்த வண்டி அதன்பின்னும் செலவு வைக்கும். அதன் மெல்லிய செயினும் பற்சக்கரத் தொகுதியும் விலை கூடியவை. கார்பன் சட்டகம் பலமான அடி வாங்கினால் விரிசல் வெளியே தெரியாமலே உள்ளே இருக்கக்கூடும். வழியில் பழுதானால், சக்கரக் கோட்டம் எடுப்பதிலும் ஓவராயில் செய்வதிலும் தேர்ந்த சாலையோர மெக்கானிக்கிடம்கூட அதற்கான கருவியும் உதிரிப்பாகமும் இருக்கமாட்டா.

இவ்வளவும் சொன்னதால், விலையுயர்ந்த சைக்கிளை வாங்குவது தவறு என்று நான் தீர்ப்பளிப்பதாக எண்ண வேண்டாம். அந்தப் பணத்தில் ஏழைக் குழந்தைகளுக்கு எத்தனை சைக்கிள் வாங்கித் தரலாம் என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. பத்து லட்ச ரூபாய்க் காரை வாங்கி, வாரத்தில் பெரும்பாலான நாட்கள் தெருவை அடைத்து நிறுத்தி வைப்பவரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. சைக்கிள்காரரிடம் மட்டும் கேட்பது அநியாயம். நேர்த்தியாகச் செய்யப்பட்ட ஒரு கருவியைக் கையாள்வதில் உள்ள மகிழ்ச்சி உண்மையானது. சேமிப்புக்கும் குடும்பச் செலவுக்கும் இடையூறு இல்லையென்றால், அந்த மகிழ்ச்சிக்காகவே வாங்கலாம். வேகம் கூடும் என்ற நம்பிக்கையில் மட்டும் வாங்கினால், சில வாரங்களிலேயே ஏமாற்றம் வந்துவிடும்.

உங்கள் நிலையில், 80,000 ரூபாய் அளவில், ஷிமானோ நிறுவனத்தின் கிளாரிஸ் அல்லது சோரா போன்ற கியர்கள் உள்ள, உங்கள் அளவுக்குப் பொருந்தும் அலுமினிய வண்டியை வாங்குங்கள். 30,000 ரூபாய் வண்டிக்கும் இதற்கும் இடையில் கியர், பிரேக், சக்கரங்கள் எல்லாவற்றிலும் தரம் உண்மையாகவே உயர்கிறது. அதற்கு மேல் வரும் உயர்வு பந்தயக்காரருக்கானது. தலைக்கவசம், முன்னும் பின்னும் விளக்குகள், நல்ல டயர்கள் ஆகியவற்றுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். விடியுமுன் கிளம்புபவருக்குப் பின்விளக்கு இன்றியமையாதது. நண்பர்களுக்குப் பின்தங்கிவிடுவோமோ என்ற கவலையால்தான் கேட்டீர்கள் என்றால், முன்னால் செல்பவரின் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் ஒட்டி ஓட்டப் பழகுங்கள். காற்றை அவர் தாங்கிக்கொள்வதால் உங்கள் உழைப்பில் கால் பங்குக்கு மேல் குறையும். சற்று நேரம் சென்றதும் நீங்கள் முன்னால் வந்து, அவருக்காகக் காற்றைத் தாங்குங்கள்.