விலை குறைந்த ஃபேக்ஸ் மோடம் வாங்கலாமா?

கேள்வி: வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கும் வேலை செய்கிறேன். மாதம் 20 பக்கம் போல ஃபேக்ஸ் அனுப்ப வேண்டியிருக்கிறது. எப்போதாவது இரண்டு, மூன்று பக்கம் வரும். லேண்ட்லைன் இருக்கிறது. டெஸ்க்டாப்புக்குள் பொருத்துகிற ஃபேக்ஸ் மோடம் கார்டுகள் இரண்டைப் பார்த்தேன். இரண்டிலும் '56கே' என்றுதான் போட்டிருக்கிறது, ஆனால் ஒன்று மற்றதைவிட மூன்று மடங்கு விலை. மலிவானதை வாங்கிவிடலாமா? இல்லை, மாதச் சந்தா கட்டி ஆன்லைன் ஃபேக்ஸ் சேவைக்குப் போவதுதான் லாபமா?

பதில்: முதலில் அந்த 56கே-யை மறந்துவிடுங்கள். அது டயல்-அப் இணையத்துக்கான (போன் லைனில் எண்ணை அழைத்து இணையும் பழைய முறை) வேகம். இன்று வழக்கில் உள்ள சாதாரண ஃபேக்ஸ் வகையான குரூப் 3, வி.17 என்ற அனுப்பும் முறையில் நொடிக்கு அதிகபட்சம் 14,400 பிட்தான் அனுப்பும். லைனில் இரைச்சல் இருந்தால் 9,600, 4,800 என்று தானே இறங்கிக்கொள்ளும். 33,600 வரை போகும் 'சூப்பர் ஜி3' கார்டும் உண்டு. எதிர்முனையில் இருப்பதும் அதே வகையாக இருந்தால்தான் அந்த வேகம் கிடைக்கும். மாதம் 20 பக்கத்துக்கு அதற்காக ஒரு காசுகூட அதிகம் தர வேண்டாம்.

விலை வித்தியாசத்துக்குக் காரணம் அநேகமாக வேறு. மலிவான கார்டு 'சாஃப்ட்மோடம்' ஆக இருக்கும். 'வின்மோடம்' என்றும் சொல்வார்கள். அதில் டெலிபோன் லைனோடு இணைக்கும் பாகம் மட்டுமே இருக்கும், மோடம் செய்ய வேண்டிய கணக்கையெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரின் பிராசசர்தான் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) வழியாகச் செய்யும். விலை கூடியதில் அந்த வேலையைச் செய்யும் சிப்களான கன்ட்ரோலரும் சிக்னல் பிராசசரும் கார்டிலேயே இருக்கும். பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். 'குறைந்தபட்சம் இவ்வளவு வேகமுள்ள பிராசசர் தேவை', 'விண்டோஸ் மட்டும்' என்றிருந்தால் அது சாஃப்ட்மோடம்தான். 'கன்ட்ரோலர் பேஸ்டு' என்றோ, லினக்ஸிலும் டாஸிலும் இயங்கும் என்றோ இருந்தால் ஹார்டுவேர் மோடம். விலை அதிகம் என்பதாலேயே ஹார்டுவேர் மோடம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சில சமயம் கூடுதல் விலை வெறும் பிராண்டுக்காகவும் இருக்கும்.

சாஃப்ட்மோடத்தில் ஃபேக்ஸ் போகவே போகாது என்றில்லை. சிக்கல் இரண்டு இடத்தில் வரும். ஃபேக்ஸ் உரையாடலில் ஒவ்வொரு சிக்னலுக்கும் குறித்த நேரத்துக்குள் பதில் போக வேண்டும். நீங்கள் பெரிய கணக்குக் கோப்பைத் திறந்து பிராசசர் திணறும் நேரத்தில் அந்தப் பதில் தாமதமானால், மூன்றாம் பக்கத்தில் இணைப்பு அறுந்து மறுபடி முதலிலிருந்து அனுப்ப வேண்டியிருக்கும். பெரிய சிக்கல் டிரைவர். 32 பிட் விண்டோஸுக்கு எழுதிய டிரைவர் 64 பிட்டில் ஏறாது. உற்பத்தியாளர் புதிய டிரைவர் தராவிட்டால் அந்தக் கார்டு குப்பைதான். அதனால் கார்டைத் தொடுவதற்கு முன் உங்கள் விண்டோஸ் பதிப்புக்கான 64 பிட் டிரைவர் உற்பத்தியாளர் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேபினெட்டைத் திறந்து, கார்டைச் செருகும் ஸ்லாட்டையும் பார்த்துவிடுங்கள். பழைய கார்டுகள் பி.சி.ஐ. வகை, புதிய மதர்போர்டுகள் பலவற்றில் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் மட்டுமே இருக்கிறது. ஒன்று மற்றதில் பொருந்தாது. ஒல்லியான கேபினெட் என்றால் உயரம் குறைந்த பிராக்கெட்டும் (கார்டைக் கேபினெட்டோடு பிணைக்கும் தகடு) வேண்டும். ஸ்லாட் இல்லையென்றால் யூ.எஸ்.பி. மோடம் போதும், ஆனால் அதிலும் சாஃப்ட்மோடம் உண்டு.

இனி கணக்கு. கார்டு ஒருமுறைச் செலவு. அனுப்ப மட்டும் என்றால் அதோடு ஏறுவது அழைப்புக் கட்டணம்தான். விண்டோஸின் 'ஃபேக்ஸ் அண்ட் ஸ்கேன்' இருப்பதால் தனி மென்பொருள் வேண்டாம். கையெழுத்திட்ட காகிதம் அனுப்புவதானால் ஸ்கேனர் வேண்டும். இல்லையென்றால் அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபேக்ஸ் எந்நேரமும் வர வேண்டும் என்றால் கம்ப்யூட்டர் நாள் முழுக்க விழித்திருக்க வேண்டும். சும்மா இருக்கும்போது 50 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால்கூட மாதம் 36 யூனிட் மின்சாரம். இதைப் பலரும் கணக்கில் எடுப்பதே இல்லை. உங்களுக்கு வருவது இரண்டு, மூன்று பக்கம்தானே. அனுப்புகிறவரைப் போன் செய்துவிட்டு அனுப்பச் சொன்னால் இந்தச் செலவே இல்லை.

ஹார்டுவேர் கார்டின் விலையை ஆன்லைன் சேவையின் மாதச் சந்தாவால் வகுங்கள். சந்தா 100, கார்டு 700 என்றால் ஏழு மாதத்தில் முதல் திரும்பிவிடும் (அழைப்புக் கட்டணத்தைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் தள்ளும்). ஓராண்டுக்குள் திரும்பினால் வாங்குங்கள். ஆனால் லேண்ட்லைனை ஃபேக்ஸுக்காக மட்டுமே வைத்திருக்கிறீர்கள் என்றால் கதை மாறுகிறது: அதன் மாத வாடகையையும் கார்டின் பக்கம் எழுதுங்கள். வாடகை சந்தாவைவிட அதிகமாக இருந்தால் இலவசமாகக் கிடைத்தாலும் கார்டு நஷ்டம்தான்.

லேண்ட்லைன் என்ற பெயரில் இன்டர்நெட் வழியாக வரும் இணைப்பா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குரலைச் சுருக்கி அனுப்பும் இணைப்புகளில் ஃபேக்ஸ் சிக்னல் சிதையும். குரலை அதிகம் சுருக்காமல் அனுப்பும் ஜி.711 கோடெக், மோடத்தில் 9,600 வேகம் என்று வைத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம், உத்தரவாதம் கிடையாது. அந்த வகை இணைப்பு என்றால் சந்தாவே மேல்.

என் முடிவு: இன்டர்நெட் வழியாக வராத பழைய செம்புக் கம்பி லைன், வேறு காரணத்துக்காகவும் அதை வைத்திருக்கிறீர்கள், ஸ்லாட்டும் டிரைவரும் சரி என்றால் ஹார்டுவேர் கார்டையே வாங்குங்கள். இதில் ஏதாவது ஒன்று இடித்தாலும் மலிவானதற்கு இறங்காமல் ஆன்லைன் சேவைக்குப் போங்கள்.

கார்டைத் திருப்பித் தரும் அவகாசம் இருக்கும் கடையில் வாங்கி, அன்றே சோதியுங்கள். டிவைஸ் மேனேஜரில் மோடத்தைத் திறந்து, டயக்னாஸ்டிக்ஸில் 'குவெரி மோடம்' அழுத்தினால் ஃபேக்ஸ் கிளாஸ் எண்கள் (மோடத்துக்கு எந்த ஃபேக்ஸ் கட்டளை முறை தெரியும் என்று காட்டுபவை) வரும்; 1 அல்லது 2 இருக்க வேண்டும். 'நோ டயல்டோன்' என்று வந்தால் ஒயர் 'லைன்' துளையில் இருக்கிறதா, 'போன்' துளையில் மாறிப் போயிருக்கிறதா என்று பாருங்கள். அதே லைனில் டி.எஸ்.எல். பிராட்பேண்ட் இருந்தால் மோடத்துக்கு முன்னால் ஃபில்டர் போட வேண்டும். கால் வெயிட்டிங்கை நிறுத்திவிட்டு ஒரே அழைப்பில் பத்துப் பக்கம் அனுப்புங்கள். ஒரு பக்கம் போவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இடி இடிக்கும்போது போன் ஒயரைக் கழற்றிவிடுங்கள். அந்த ஒயர் வழியாக வரும் மின்னல் அதிர்ச்சி கார்டோடு நிற்காமல் மதர்போர்டையும் எரித்துவிடலாம்.