இரவு டியூட்டியில் மனநலப் பிரிவு: முதுநிலை மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மனநல மருத்துவ முதுநிலைப் படிப்பில் முதலாண்டு. நள்ளிரவில் வேறு வார்டுகளிலிருந்து, "பேஷண்ட் கத்துகிறார், யாரோ நிற்பதாகச் சொல்கிறார், உங்கள் வார்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்" என்று போன் வருகிறது. அவர் எங்கள் நோயாளிதானா என்று எப்படி முடிவு செய்வது?

பதில்: போனிலேயே மருந்து சொல்லிவிட்டுத் திரும்பப் படுக்காதீர்கள். நேரில் போய்ப் பாருங்கள். அறுபதைத் தாண்டியவர், இதுவரை மனநோய் இல்லாதவர், இரண்டு மூன்று நாளில் திடீரென்று ஆரம்பித்த குழப்பம் என்றால், வேறு காரணம் உறுதியாகும்வரை அது டெலீரியம்தான், அதாவது உடல்நோயால் திடீரென வரும் மனக்குழப்பம். கோளாறு பெரும்பாலும் மூளைக்கு வெளியே, உடம்பில் எங்கோ இருக்கிறது. அவரை மனநல வார்டுக்கு மாற்றினால் அதைத் தேடவேண்டிய மருத்துவர்களிடமிருந்து அவரைப் பிரித்துவிடுகிறோம்.

முதலில் கவனத்தைச் சோதியுங்கள். மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். "டிசம்பர், நவம்பர், அக்டோபர்..." என்று வந்து நின்று, ஜன்னலைப் பார்த்துவிட்டு, என்ன கேட்டீர்கள் என்பார். அல்லது அக்டோபரிலிருந்து மறுபடி நவம்பர், டிசம்பர் என்று முன்னோக்கிப் போய்விடுவார். விரல்கள் போர்வையைப் பிய்த்துக்கொண்டே இருக்கும். மனச்சிதைவு நோயாளி தன் காதில் கேட்கும் குரலை நம்பினாலும் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் முடித்துவிடுவார். அடுத்து நர்ஸ்களின் குறிப்பைப் பாருங்கள். "காலையில் நன்றாகப் பேசினார்" என்று பகலிலும் "ஊசியைப் பிடுங்கினார்" என்று இரவிலும் எழுதியிருந்தால், அந்த ஏற்ற இறக்கமே பாதி நோயறிதல். உருவங்கள் கண்ணுக்குத் தெரிவதாகச் சொன்னால் உடம்பின் மீது சந்தேகம் இன்னும் கூடட்டும்.

பிறகு உடம்பு: காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம், ஆக்ஸிஜன், சர்க்கரை, சோடியம், சிறுநீர்த் தொற்று. அடிவயிற்றைக் கைவைத்து அழுத்திப் பாருங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டு, சொல்லத் தெரியாமல் கத்தும் முதியவர்கள் அதிகம். மருந்துச் சீட்டைப் புதிதாகப் படிப்பதுபோல் வரி வரியாகப் படியுங்கள். ஸ்டீராய்டு, ஓபியாய்டு வலிமருந்து, அலர்ஜி மாத்திரை, சிறுநீர்ப்பைக்கான மருந்து எல்லாமே குழப்பத்தை உண்டாக்கக்கூடியவை.

கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொன்று, கடைசியாக மது குடித்த நாளும் நேரமும். நிறுத்திய 6 முதல் 8 மணி நேரத்தில் கைநடுக்கம், 48 மணிக்குள் வலிப்பு, 48 முதல் 96 மணிக்குள் மதுவிலகல் டெலீரியம். எலும்பு முறிவுக்குச் சேர்ந்தவர் மூன்றாம் இரவில் குழம்பினால் இந்தக் கணக்கு ஞாபகம் வரட்டும். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட வேண்டும். ரத்தச் சர்க்கரை ஆபத்தாகக் குறைந்திருந்தால் மட்டும் காத்திராமல் இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். மதுவிலகலில் லோராசெபாம் போன்ற பென்சோடயசெபின் வகை அமைதி மருந்து உயிர் காக்கும். மற்ற டெலீரியங்களில் அதுவே குழப்பத்தைக் கூட்டும். முதியவர் தனக்கோ பிறருக்கோ ஆபத்தானால் ஹாலோபெரிடால் என்ற மனச்சிதைவு மருந்து 0.5 மில்லிகிராம் போதும். அதற்கு முன் ஈசிஜி பாருங்கள். பார்க்கின்சன் நோய் உள்ளவருக்கு அதைத் தொடவே வேண்டாம்.

கத்தாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவருக்கும் டெலீரியம் இருக்கலாம். "மனச்சோர்வு, பார்க்கவும்" என்று எழுதி அனுப்பப்படுகிறவர்களில் இவர்களும் உண்டு. அங்கும் மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லும் அதே சோதனைதான்.

கேள்வி: தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்க நா எழவில்லை. நாமே அந்த எண்ணத்தை விதைத்துவிட மாட்டோமா?

பதில்: விதைக்க மாட்டோம். வெளிப்படையாகக் கேட்பதால் எண்ணம் புதிதாக வருவதில்லை என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். கேட்டபின் பலருக்கு அழுகை வரும், பாரம் இறங்கும்.

எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் தவறு நடக்கிறது. "அப்படியெல்லாம் எதுவும் இல்லையே?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். கேள்வியிலேயே பதிலை வைத்துவிட்டோம். படிப்படியாக இறங்குங்கள்: "வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா?" "தூங்கி எழாமலே போய்விட்டால் நல்லது என்று?" "உயிரை விட்டுவிடலாம் என்று நினைத்ததுண்டா?" "எப்படி என்று யோசித்தீர்களா, அதற்காக ஏதாவது செய்து வைத்திருக்கிறீர்களா?" "முன்பு முயன்றதுண்டா?" "அப்போது உங்களைத் தடுத்தது எது?" கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அவரைப் பிடித்து நிறுத்தும் கயிறு எங்கே இருக்கிறது என்று அதில்தான் தெரியும்.

குடும்பத்தாரை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள். பிறகு அவர்களைத் தனியாகப் பாருங்கள். "செய்ய மாட்டேன்" என்று எழுதி வாங்கும் கையெழுத்தால் பாதுகாப்பு இல்லை. அதற்குப் பதில் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை அவரோடு உட்கார்ந்து, அவர் சொற்களிலேயே எழுதுங்கள். ஆபத்தான நேரம் வருகிறது என்பதற்கு அவருக்குத் தெரியும் அறிகுறிகள், தானாகச் செய்யக்கூடியவை, மனதைத் திருப்பும் மனிதர்கள், இடங்கள், உதவி கேட்கக்கூடிய உறவினர், நண்பர், மருத்துவமனையின் எண், கடைசியாக வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் அகற்றுவது என ஆறு படிகள் அதில் இருக்கும். கடைசிப் படியைக் குடும்பத்தாரிடம் ஒப்படைத்து, செய்தார்களா என்று போன் செய்து உறுதிப்படுத்துங்கள். வார்டிலிருந்து வீடு போனபின் வரும் முதல் வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. ஆகவே மறுசந்திப்பை ஏழு நாளுக்குள் தேதி, நேரத்தோடு கொடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: மூன்று நாளாகப் பேசாமல், சாப்பிடாமல் இருந்த நோயாளிக்கு ஹாலோபெரிடால் கூட்டினோம். மேலும் இறுகிப்போனார். சீனியர் உடனே நிறுத்தச் சொன்னார். ஏன்?

பதில்: அது கேட்டடோனியாவாக, அதாவது பேச்சும் அசைவும் அடங்கி உடல் இறுகிப்போகும் நிலையாக இருந்திருக்கும். கையைத் தூக்கி விட்டுப் பாருங்கள். இறக்காமல் நிமிடக்கணக்கில் அப்படியே வைத்திருப்பார். கண் இமைப்பது குறைந்து ஒரே இடத்தை வெறிப்பார். உணவை வாயருகே கொண்டுபோனால் உதட்டை இறுக்குவார். கேட்டடோனியாவை மதிப்பிடும் புஷ்–ஃபிரான்சிஸ் அளவுகோலில் 23 அம்சங்கள் உண்டு. முதல் 14-ல் இரண்டு இருந்தாலே சந்தேகம் உறுதி. இந்நிலையில் மனச்சிதைவு மருந்துகள் இறுக்கத்தைக் கூட்டலாம், அம்மருந்துகளால் வரும் உயிராபத்தான நியூரோலெப்டிக் மேலிக்னன்ட் சிண்ட்ரோமில் கொண்டுபோய் விடலாம். காய்ச்சல், ஈயக்குழாய் போன்ற விறைப்பு, வியர்வை, ஏறி இறங்கும் ரத்த அழுத்தம் தெரிந்தால் மருந்தை நிறுத்தி, சிகே (தசைச் சிதைவைக் காட்டும் நொதி) பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பி, தீவிர சிகிச்சைப் பிரிவைக் கூப்பிடுங்கள்.

சோதனையும் சிகிச்சையும் லோராசெபாம்தான். 1 முதல் 2 மில்லிகிராம் நரம்பூசியாகப் போட்டு, மூச்சைக் கவனித்தபடி 5 நிமிடம் கழித்து அதே அளவுகோலை மறுபடி போடுங்கள். அதுவரை பேசாதவர் தன் பெயரைச் சொல்லி ஒரு வாய் தண்ணீர் கேட்பார். பலன் இல்லையென்றால் இன்னொரு முறை. சில நாளிலும் தேறவில்லை அல்லது உயிருக்கு ஆபத்து என்றால் மின்னதிர்வு சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. இதற்கிடையே நீர்ச்சத்து, படுக்கைப்புண், கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி மூன்றையும் தினமும் பாருங்கள். கேட்டடோனியாவில் உயிர் போவது பெரும்பாலும் இவற்றால்தான்.

கேள்வி: மனநிலையைச் சீராக்கும் லித்தியம் மருந்தின் ரத்த அளவு 1.6 வந்தது. பதறிப் போய் நிறுத்தினேன். "ரத்தம் எப்போது, எந்தக் குழாயில் எடுத்தாய்?" என்று கோபித்தார்கள்.

பதில்: கோபித்தது சரியோ தவறோ, கேள்வி சரியானது. கடைசி மாத்திரைக்குப் பின் 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டும். காலை மாத்திரை போட்ட இரண்டு மணி நேரத்தில் எடுத்தால் உச்ச அளவுதான் கிடைக்கும். ரத்தம் உறையாமலிருக்க லித்தியம் ஹெபாரின் தடவிய குழாயில் எடுத்தால் அந்த லித்தியமும் கணக்கில் ஏறிவிடும். டோஸ் மாற்றியபின் குறைந்தது 5 நாள் பொறுங்கள். வழக்கமான இலக்கு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல்.

ஆனால் எண்ணைவிட ஆளைப் பாருங்கள். தள்ளாட்டம், குழறல், பெரிய நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் எண் எதுவானாலும் நிறுத்துங்கள். முதியவருக்கு 1.0-லேயே நஞ்சாகலாம். லித்தியம் அளவை ஏற்றக்கூடிய ஐபுபுரூஃபன் போன்ற வலிமாத்திரை, தயசைடு வகை நீர்ப்பிரிப்பு மருந்து, எனலாப்ரில் போன்ற ரத்த அழுத்த மருந்து இவற்றில் எதையாவது யாரேனும் புதிதாக எழுதினார்களா என்றும் விசாரியுங்கள்.

கேள்வி: ஹாலோபெரிடால் ஊசி போட்டு அமைதியான நோயாளி, மறுநாள் கண்கள் மேலே செருகி, கழுத்து திருகிக் கிடந்தார். நடிக்கிறார் என்றார்கள்.

பதில்: நடிப்பில்லை, ஹாலோபெரிடாலால் வந்த டிஸ்டோனியா, அதாவது தசை இழுப்பு. இளம் ஆண்களுக்கு அதிகம் வரும், மிகவும் வலிக்கும். ப்ரோமெத்தசின் ஊசி போட்டால் பொதுவாக அரை மணியில் இறங்கிவிடும். அதனால்தான் பல இடங்களில் இரண்டையும் முதலிலேயே சேர்த்துப் போடுகிறார்கள். குரல்வளை இறுகி மூச்சு சத்தத்தோடு வந்தால் அது அவசரநிலை, ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை: ஒலன்சபின் தசையூசியையும் லோராசெபாம் ஊசியையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், மூச்சு அடங்கலாம். எந்த ஊசி போட்டாலும் முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், உணர்வுநிலையை எழுதுங்கள். யாரையும் குப்புறப் பிடித்து அழுத்த அனுமதிக்காதீர்கள். நோயாளி தெளிந்தபின் நேற்றிரவு என்ன நடந்தது, ஏன் ஊசி போட்டோம் என்று உட்கார்ந்து சொல்லுங்கள். கழுத்து வலித்ததா என்று கேளுங்கள், அவருக்கு டிஸ்டோனியா வந்ததைக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிவையுங்கள்.