பழைய சிகரெட் இயந்திரத்தில் ஓவியக் கட்டைகள் சிக்குவது பற்றி

பழைய சிகரெட் விற்பனை இயந்திரத்தில் சிகரெட் பெட்டிக்குப் பதிலாக, வண்ணம் தீட்டித் தாள் சுற்றிய சிறு மரக்கட்டைகளை அடுக்கி விற்கிறீர்கள்; அவை சிக்குவதால் இழைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டையை இழைத்துச் சிறிதாக்க வேண்டாம், மேலே சுற்றிய தாளை மாற்றுங்கள். கைப்பிடியை இழுத்தால் அடுக்கின் அடியிலிருக்கும் ஒன்று மட்டும் வெளியே தள்ளப்படும். மற்றவை தம் எடையாலேயே கீழிறங்க வேண்டும். முதல் இரண்டு ஒழுங்காக வந்து மூன்றாவது நிற்கிறது என்கிறீர்கள். அநேகமாக அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அக்ரிலிக் வண்ணம் கைக்கு உலர்ந்ததாகத் தெரியும். மேலே பாரம் ஏறினால் பிசுபிசுக்கும்.

இரண்டு கட்டைகளை அடுக்கி, மேலே தடித்த அகராதி ஒன்றை ஏற்றி, இரவு முழுக்க விடுங்கள். காலையில் மேல்கட்டையை ஒரு விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். வழுக்காவிட்டால் மெழுகுத்தாள் சுற்றுங்கள். வழுக்கினால், தாள் மடிந்து பசை படிந்த முனையின் தடிமனை அளக்கவும். பலரும் கட்டையை அளப்பார்கள், மடிப்பை மறந்துவிடுவார்கள்.

1997இல் அமெரிக்காவின் வின்ஸ்டன்-சேலம் நகரில் கலைஞர் கிளார்க் விட்டிங்டன் தொடங்கிய, பழைய சிகரெட் இயந்திரங்களில் சிறு கலைப்பொருள்கள் விற்கும் ஆர்ட்-ஓ-மேட்டில் முதலில் விற்றதும் கட்டையில் ஒட்டிய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள்தான், ஒன்று ஒரு டாலர். அங்கே கலைஞர்களிடம் கேட்கும் கட்டை அளவு ஏறக்குறைய 54 × 82 × 22 மி.மீ. ஆனால் அது அமெரிக்க சிகரெட் பெட்டிக்கு ஒத்த அளவு. உங்கள் இயந்திரம் வேறு நாட்டுத் தயாரிப்பென்றால் அதை நம்பிக் கட்டை அறுக்காதீர்கள்; அடுக்குக் குழியை நேரில் அளந்துகொள்ளுங்கள்.